உள் கோளாறு, காரணம் தெரியவில்லை

"ஐந்நூறுன்னு போட்டிருக்கும்மா," என்று அந்த அம்மாள் செல்போனை வரவேற்பு மேசைக்கு மேல் நீட்டினாள். "இது வெறும் வயித்துல குடுத்த ரத்தம். சாப்பிட்டுட்டுக் குடுத்திருந்தா ஆயிரம் வந்திருக்கும் போல."

வரவேற்பில் இருந்த பெண் செல்போனை வாங்கிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சின்னம், அம்மாளின் பெயர், வயது எல்லாம் மேலே சரியாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, பரிசோதனை முடிவு வர வேண்டிய இடத்தில், சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி.

500. உள் கோளாறு. காரணம் தெரியவில்லை.

"இது சுகர் இல்லம்மா."

"அப்ப வேற என்ன?"

அது அவளுக்கும் தெரியவில்லை. மேசைக்கு அடியில் இருந்த தொலைபேசியை எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சர்வர் சார், கொஞ்சம் கீழ வாங்களேன்," என்றாள்.

மூன்று மாடிக் கட்டடம் அது. கீழே வரவேற்பு, முதல் மாடியில் ரத்தம் எடுப்பார்கள், இரண்டாம் மாடியில் இயந்திரங்கள் அதைப் பரிசோதிக்கும். மாடிப்படி திரும்புகிற இடத்தில், பஞ்சும் ஊசிப் பெட்டிகளும் வைத்திருந்த ஒரு சிற்றறையைக் காலி செய்து அதில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த மேசைக்கு உரியவர்தான் அங்கே இருந்த ஒரே புரோகிராமர். எது பழுதானாலும் "சர்வர் பிரச்சினை" என்று சொல்லிப் பழகியவர் என்பதால் அவருக்கு சர்வர் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை அவரே மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்.

அவர் இறங்கிவந்து செல்போனைப் பார்த்ததும் அந்த வாசகத்தை அடையாளம் கண்டுகொண்டார். எழுதியவரே அவர்தான்.

ஆறு மாதங்களுக்கு முன் கூடத்தின் உரிமையாளரான டாக்டரம்மா இரண்டு உத்தரவுகள் போட்டிருந்தார். இனி யாருக்கும் காகிதத்தில் முடிவு தருவதில்லை, எல்லாம் இணையதளத்தில்தான். அந்த இணையதளத்தில் ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் இருக்கக் கூடாது. சர்வர் சார் அகராதியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழாக்கினார். சர்வருக்குள் பழுது என்றால் வரும் ஐந்நூறாம் எண் பிழைக்கு 'உள் சர்வர் கோளாறு' என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டினார். "சர்வர்னா ஹோட்டல் ஞாபகம் வருது, எடுத்துடுங்க," என்றார் டாக்டரம்மா. எடுத்துவிட்டார்.

"அம்மா, இந்தக் கோளாறு உங்களுக்கு இல்ல. எங்களுக்கு."

"என் பேருதானே போட்டிருக்கு?"

"பேரு உங்களுது. கோளாறு எங்களுது."

"உங்க கோளாறை என் பேருல எதுக்குப் போடறீங்க?"

நியாயமான கேள்வி. சர்வர் சார் மாடிப்படி ஏறினார்.

சர்வர் தனக்குள் நடப்பதையெல்லாம் ஒரு நாட்குறிப்பைப் போல எழுதிவைத்துக்கொள்ளும். தொழிலில் அதை லாக் என்பார்கள். பழுது எங்கே என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதைத்தான் திறப்பார்கள். திறந்தார்.

9.12: ஏதோ நடந்துவிட்டது. 9.14: ஏதோ நடந்துவிட்டது. 9.14: ஏதோ நடந்துவிட்டது.

இப்படி நூற்று நாற்பத்து மூன்று வரிகள். என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று ஒன்றிலும் இல்லை. இப்படி எழுதும்படி சர்வருக்குச் சொல்லிவைத்தவர் அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த புரோகிராமர். இப்போது ஏதோ ஒரு குளிர்நாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். சர்வர் சார் அவருக்குச் செய்தி அனுப்பினார். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அதுவா? அப்போதைக்கு இருக்கட்டும்னு எழுதினது. நீங்க மாத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன்." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

சர்வரை வாடகைக்கு விட்டிருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார். "எங்க பக்கம் எல்லா விளக்கும் பச்சையா எரியுது சார்," என்றார்கள். இரண்டாம் மாடிக்கு ஓடினார். "மெஷின் சூப்பரா ஓடுது," என்றார் டெக்னீஷியன்.

"அப்ப அதுல இருக்கிற ரிசல்ட்டைப் படிச்சு நீங்களே ஜனங்களுக்குச் சொல்லிடுங்களேன்."

"மெஷின்ல ட்யூப் நம்பர்தான் சார் இருக்கும். எந்த நம்பர் எந்த ஆளுன்னு சேர்க்கிறது உங்க சைட்டு. பேரு எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது."

ஆக, எல்லோரும் நன்றாக இருந்தார்கள். கோளாறு எல்லோருக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

மதியத்துக்குள் ஐந்நூறைப் பார்த்துவிட்டுப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வழியிலேயே இனிப்பு வைத்திருந்த டப்பாவைத் தெருவில் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தார். முதலில் ஜனங்களின் பயத்தைப் போக்குவோம், பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சர்வர் சார் முடிவு செய்தார். எண்ணை எடுத்துவிட்டார். கொஞ்சம் பரிவோடு புது வாசகம் எழுதினார்.

கோளாறு கண்டறியப்பட்டுள்ளது. பயப்பட வேண்டாம். எங்கள் நிபுணர்கள் கவனித்துவருகிறார்கள்.

அரை மணி நேரத்தில் ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். பையில் இரண்டு லுங்கி, பல் துலக்கும் பிரஷ், ஒரு டம்ளர்.

"எந்த ரூம்?" என்று கேட்டார்.

"எதுக்குங்க ரூம்?"

"நிபுணருங்க கவனிக்கிறாங்கன்னு போட்டிருந்தீங்களே. எத்தனை பேரு? ஒருத்தர்னா பரவாயில்ல. 'நிபுணர்கள்'னு போட்டதும் வீட்டுல அழ ஆரம்பிச்சுட்டாங்க."

வரவேற்புப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அவர் டம்ளரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, அதில் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலை, இப்படிப்பட்ட நேரத்தில் உலகத்தில் எல்லோரும் செய்வதைச் சர்வர் சாரும் செய்தார். சர்வரை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அது எழுந்து வந்தது. லாக்கில் ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அப்பாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சு."

சர்வர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமனார் அவர்களோடுதான் இருந்தார். ஒரு மாதமாகவே சரியில்லை. பாதித் தட்டுச் சாப்பாட்டோடு எழுந்துவிடுவார். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். "நம்ம கூடத்துலயே பார்த்துடலாம் மாமா," என்று சர்வர் சார்தான் திங்கள்கிழமை காலையில் கூட்டிவந்து ரத்தம் கொடுக்கவைத்தார். அந்த முடிவும் ஐந்நூறில் மாட்டிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சா? என்ன போட்டிருக்கு?"

மனைவி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "உங்கள் காலம் முடிந்துவிட்டது. தயவுசெய்து வெளியேறவும்."

டீயைக் கீழே வைத்தார். சர்வரை அணைத்துப் போட்டால், அதற்குள் நுழைந்திருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும். அதைத் தெரிவிக்கும் வாசகம் அது. அதுவும் அகராதி வைத்து எழுதியதுதான்.

"அது அப்பாவோட காலம் இல்லம்மா. லாக்-இன் பண்ணினாரே, அந்த நேரம் காலாவதி ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"காலாவதியா," என்றாள் மனைவி, மெதுவாக.

"வார்த்தைதான் அப்படி. எவன் எழுதினானோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அப்பா பார்த்துட்டாரா?"

"பார்த்துட்டார். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார். யாராவது பார்க்க வந்தா நல்லா இருக்கணுமாம். சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பேசினார்."

"யாரு, அந்த ஏணிச் சித்தப்பாவா?"

வாங்கிய ஏணியைத் திருப்பித் தரவில்லை என்பதற்காக மாமனார் தன் தம்பியோடு ஒன்பது வருடங்களாகப் பேசாமல் இருந்தார்.

"ஏணி உன்கிட்டயே இருக்கட்டும்டா, நான் இனிமே எங்க ஏறப்போறேன்னு சொல்லிட்டார். ரெண்டு பேரும் அழுதாங்க. இப்ப உங்ககிட்ட பேசணும், போனைக் குடுங்கறார்."

போனில் மாமனாரின் குரல் நிதானமாக வந்தது. "மாப்பிள்ளை, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்க ஆபீஸ்ல மரியாதையாத்தான் சொல்லியிருக்காங்க. 'தயவுசெய்து'ன்னு போட்டிருக்காங்க பாருங்க."

"மாமா, அது கம்ப்யூட்டர் தப்பு. நீங்க எழுந்து சாப்பிடுங்க."

"பொய் சொல்லாதீங்க மாப்பிள்ளை. இவ்வளவு நாளா நீங்க என்கிட்ட பொய் சொன்னதில்ல. இப்ப ஆரம்பிக்க வேணாம்."

அன்று மட்டும் 'உங்கள் காலம் முடிந்துவிட்டது' முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் போயிருந்தது. வரவேற்பில் தொலைபேசி வைக்க வைக்க அடித்தது. சர்வர் சார் அந்த வாசகத்தை நீக்கினார். பழைய வாசகத்தையும் நீக்கினார். இனி எந்த அகராதியும் வேண்டாம், யாரையும் பயமுறுத்தாத, குழந்தைக்கும் புரிகிற ஒரே வரி போதும் என்று எழுதினார்.

மீண்டும் முயலவும்.

எழுதியதை நான்கு முறை படித்துப் பார்த்தார். கோளாறு இல்லை, காலம் இல்லை, நிபுணர்கள் இல்லை. திருப்தியாக வீட்டுக்குப் போனார். மாமனார் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விளக்கினார். அவருக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதாம்.

புதன்கிழமை காலை கூடத்தின் காவலாளி படியேறி வந்து கதவைத் தட்டினார். "சார், வரிசை மருந்துக்கடையைத் தாண்டிப் போயிடுச்சு. என்ன பண்ணட்டும்?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மீண்டும் முயல வந்தவர்கள். முதல் முறை கொடுத்த ரத்தம் சரியில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் வெறும் வயிற்றோடு மறுபடி ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். சட்டைக் கையை இப்போதே மடித்துவிட்டிருந்தார்கள். ஒரு கிழவர் இரண்டு கைகளையும் மடித்திருந்தார்.

"திருப்பி அனுப்பிடுங்க."

"சொல்லிப் பார்த்தேன் சார். 'சர்க்கார் ஆபீஸ்லதான் அலைக்கழிப்பாங்க, இங்க ரத்தத்துலயுமா'ங்கறாங்க. மேல நர்ஸம்மா எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

சர்வர் சார் முதல் மாடிக்கு ஓடியபோது ஐம்பது ட்யூப்கள் நிரம்பியிருந்தன. ஒவ்வொருவருக்கும் பழைய நம்பர் ஒன்று, இப்போது புது நம்பர் ஒன்று. இரண்டில் எது இந்த ஆள் என்று கேட்டு இணையதளம் தவித்தது. லாக்கில் வரிகள் மழைபோல் கொட்டின. ஏதோ நடந்துவிட்டது, ஏதோ நடந்துவிட்டது, ஏதோ நடந்துவிட்டது. வாழ்க்கையில் இதைவிட உண்மையான வாக்கியத்தைத் தான் படித்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார்.

அவர் அறையில் காகிதமே கிடையாது. வெறும் மேசை. அதன் நடுவில் அவர் செல்போன்.

"என் சொந்த நாத்தனாருக்கு நேத்து ஒரு மெசேஜ் வந்திருக்கு. என்னன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"முப்பது வருஷமா அவங்ககிட்ட நான் சொல்ல நினைச்சு அடக்கிக்கிட்டு இருந்ததை உங்க சைட்டு சொல்லிடுச்சு. நான்தான் சொல்லச் சொன்னேன்னு நினைக்கிறாங்க."

சர்வர் சார் தரையைப் பார்த்தார். "மேடம், இது பேரும் நம்பரும் சேர்ற இடத்துல எங்கேயோ வர்ற பழுது. லாக்ல காரணமே பதிவாகல. நான் ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பார்க்கணும். ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா..."

"எனக்குக் காரணம் வேண்டாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எந்த நோயாளியோட போன்லயும் அந்தச் சிவப்பு எழுத்து வரக் கூடாது. வந்தா நீங்க வர வேண்டாம்."

சர்வர் சார் வெளியேறினார். தயவுசெய்து என்றுகூட டாக்டரம்மா சொல்லவில்லை.

அந்தச் சிற்றறையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. முன்னவர் எழுதிவைத்துப்போன நாலாயிரத்துச் சொச்சம் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். ஓர் இடத்தில், 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொடாதீர்கள்' என்று ஒரு குறிப்பு இருந்தது. இன்னோர் இடத்தில் அதே குறிப்பு, 'வேலை செய்யவில்லை' என்று. தான் படித்த படிப்பு, வாங்கிய சான்றிதழ்கள், பெண் பார்க்கப் போனபோது "கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்" என்று இதே மாமனாரிடம் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த மனிதர் இப்போது இஸ்திரிச் சட்டையோடு படுத்திருக்கிறார். அவருக்கு உண்மையில் என்ன என்பது நான்கு சுவர்களுக்கு அப்பால் ஒரு இயந்திரத்துக்குத் தெரியும். அதைச் சொல்லவைக்கத் தனக்குத் தெரியவில்லை.

நாலு மணி வாக்கில்தான் அந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. சாதாரணத் தமிழில் சொன்னால் அவற்றுக்கு இதுதான் பொருள்: பிழை வந்தால் நில். சிவப்பு எழுத்தைக் காட்டு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லைதான். ஆனால் சிவப்பு எழுத்து எங்கிருந்து வருகிறது என்பது இதோ தெரிகிறது. டாக்டரம்மா கேட்டதும் அதைத்தானே?

இரண்டு வரிகளையும் அழித்தார். அந்த இடத்தில் ஒரே வரி எழுதினார். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ. வீட்டிலும் அலுவலகத்திலும் பல வருடங்களாக அவரே கடைப்பிடித்து வந்த வழிதான். அசல் பழுதைச் சனிக்கிழமை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, மாமனாரின் பெயரைத் தட்டினார்.

கண்ணைத் திறந்தபோது திரையில் சிவப்பே இல்லை. மேலிருந்து கீழ்வரை வரிசையாக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு. கடைசியில் கொட்டை எழுத்தில்: எல்லாம் இயல்பு நிலை.

சர்வர் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், கண்களையும் துடைத்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"மாமாகிட்ட குடு," என்றார் மனைவியிடம். "மாமா, எல்லாம் நார்மல். சர்க்கரை, கொழுப்பு, எல்லாமே. மெஷினே சொல்லிடுச்சு."

மறுமுனையில் மாமனார் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நல்லாப் பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

"என் கண்ணால பார்த்தேன் மாமா."

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? ஏணியை அவன்கிட்டயே வச்சுக்கச் சொல்லிட்டேனே."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யாருடைய போனிலும் சிவப்பு எழுத்து வரவில்லை. பத்தரைக்கு ஐந்நூறு அம்மாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, வரவேற்புப் பெண்ணின் கன்னத்தைத் தடவி, "தொண்ணூத்திரண்டும்மா. இருபது வருஷத்துல எனக்கு இப்படி வந்ததே இல்ல," என்றாள். துணிப்பைக்காரர் பையில்லாமல் வந்தார். அவருக்கும் எல்லாம் நன்றாக இருந்ததாம். இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரைகளை இனி எதற்கு என்று குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். நாத்தனாரே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

டாக்டரம்மா மாடிப்படித் திருப்பம்வரை தானே இறங்கிவந்தார். அந்தச் சிற்றறையை அவர் அதுவரை உள்ளே வந்து பார்த்ததில்லை.

"இவ்வளவு சின்ன ரூமா இது?" என்றார். "பரவாயில்ல, நீங்க கெட்டிக்காரர்தான். என்ன பண்ணினீங்க?"

"தடையா இருந்த ரெண்டு வரியை எடுத்துட்டேன் மேடம்."

"ரெண்டே வரியா?"

"கண்டுபிடிக்கத்தான் மேடம் மூணு நாள் ஆச்சு."

அந்தச் சந்தோஷத்தில் டாக்டரம்மா அங்கேயே நின்று ஒரு அறிவிப்புச் செய்தார். கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும், டாக்டர் முதல் காவலாளி வரை, இன்றைக்கே இலவசமாக முழுப் பரிசோதனை. எல்லோரும் கீழே போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். படிக்கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சர்வர் சாருக்குக் காது மடல் சிவந்தது. இந்தக் கட்டடத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை.

மதியம் மனைவி கூப்பிட்டாள். அப்பா எழுந்து குளித்துவிட்டாராம். கலர்ச் சட்டை போட்டுக்கொண்டாராம். சாப்பாடு மட்டும் இன்னும் பாதித் தட்டுத்தான் இறங்குகிறதாம், ஆனால் பரிசோதனையில்தான் எல்லாம் சரியாக வந்துவிட்டதே, அதனால் அப்பாவைக் காட்ட ஒரு பெரிய டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம்.

"சரியாத்தான் பண்ணியிருக்கே," என்றார் சர்வர் சார்.

மூன்று நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். முதல் கவளத்தை எடுத்தபோது கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. காவலாளி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, செல்போனை மார்போடு அணைத்தபடி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாப்பிடுங்க சார், சாப்பிடுங்க. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இப்பத்தான் கீழ பேரைப் பதிஞ்சேன், உடனே ரிசல்ட் வந்துடுச்சு. எல்லாமே பச்சை," என்றார். "எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேர்ந்தே பயம் சார். அப்ப நான் ரத்தம் குடுக்க மேல போக வேண்டியதில்லையே?"